கப்பலில் மாலை நேர உடை: ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலோரத்து ஊர்களில் இருந்துதான் பாதிப் பேர் வருவார்கள். இப்போதெல்லாம் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், பெற்றோரைக் குரூஸ் கப்பலில் கூட்டிப் போவது சகஜமாகிவிட்டது. டிக்கெட் போட்ட கையோடு கடைக்கு வந்து அளவு கொடுப்பார்கள், கூடவே ஒரு பயத்தையும் சொல்வார்கள்: ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்களாமே? நானும் கப்பலில் போய்வந்திருக்கிறேன். அங்கே பார்த்ததையும், போய்வந்தவர்கள் வந்து சொன்னதையும் வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கோட்டு சூட்டு வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். நம் ஊரில் நெருங்கிய சொந்தத்தின் கல்யாண ரிசப்ஷனுக்கு எப்படிப் போவீர்களோ, அப்படிப் போனால் உலகத்தில் ஓடும் பெரும்பாலான கப்பல்களில் மாலைச் சாப்பாட்டுக்கு அது போதும். ஒன்றிரண்டு கம்பெனிகள்தான் இதில் கண்டிப்பு. அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஒரு வாரப் பயணத்துக்காகப் புது சூட் தைத்து, அப்புறம் அதைப் பீரோவில் தொங்கவிடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தைத்துக் கொடுத்தால் எனக்குத்தான் வருமானம், ஆனாலும் சொல்வதில்லை.

ஏற்கெனவே கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு இருந்தால் எடுத்துப் போகலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுப் பாருங்கள். இடுப்பிலும் அக்குளிலும் உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் கொஞ்சம் பிரித்துவிட முடியும். முதல் நாள் கொண்டுவந்து கொடுத்தால் எந்தத் தையல்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கப்பல் கம்பெனி அனுப்பிய தாளில் கேஷுவல், ஸ்மார்ட் கேஷுவல், ஃபார்மல், காலா என்றெல்லாம் போட்டிருக்கிறதே. எதற்கு என்ன போடுவது?

கேஷுவல் என்று போட்டிருந்தால் பேண்ட், டி-ஷர்ட், சுடிதார், சாதாரணச் சேலை, எல்லாம் சரி. ஸ்மார்ட் கேஷுவல் என்றால் ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழு பேண்ட், மூடிய ஷூ. பெண்களுக்கு நல்ல சுடிதாரோ, கைத்தறிச் சேலையோ. ஃபார்மல், காலா, எலிகன்ட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அன்றைக்குப் பட்டு எடுக்கலாம். ஆண்கள் கறுப்பு அல்லது கருநீல பேண்ட், வெள்ளை முழுக்கைச் சட்டை, டை, முடிந்தால் மேலே ஒரு பிளேசர் என்று போகலாம்.

மாலையில் பெரிய டைனிங் ஹாலுக்குள் எங்கும் ஆகாதவை சில உண்டு: நீச்சல் உடை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு. அரை டிராயர் விஷயத்தில் கப்பலுக்குக் கப்பல் கண்டிப்பு கூடும், குறையும். பெரியவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது.

எந்தக் கம்பெனி எப்படி?

இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எந்தக் கப்பல் என்று தெரியாமல் உடையை முடிவு செய்யவே முடியாது.

குனார்டு என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனி இருக்கிறது. குயின் மேரி 2 அவர்களுடையது. உடை விஷயத்தில் பழைய மரபை விடாமல் வைத்திருப்பவர்கள் இவர்கள். ஒரு வாரப் பயணத்தில் காலா மாலைகள் வரும். அதில் கறுப்பு-வெள்ளை, முகமூடி, சிவப்பு-தங்கம் என்று தீம் வைப்பதும் உண்டு. அந்த மாலைகளில் ஆண்கள் டக்சிடோவோ (வில் போல டை கட்டிப் போடும் கறுப்புக் கோட்டு சூட்டு), டை கட்டிய கருநிற சூட்டோ போட்டு வருவார்கள். மற்ற நாட்களிலும் மாலை 6 மணிக்கு மேல் கப்பலின் முக்கிய இடங்களில் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் அவர்களே தங்கள் விதியில், அவரவர் நாட்டின் சம்பிரதாய உடையில் வரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்த ஒரு வரி போதும்.

இதற்கு நேர் எதிர் நார்வீஜியன் குரூஸ் லைன். அங்கே ஃபார்மல் இரவு என்று கட்டாயமே கிடையாது. விருப்பப்பட்டவர்கள் அலங்கரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ராயல் கரீபியன், பிரின்சஸ், எம்எஸ்சி எல்லாம் நடுவில் வரும். ஒன்றிரண்டு இரவு பட்டும் சூட்டுமாக ஹால் ஜொலிக்கும், மற்ற இரவுகளில் ஸ்மார்ட் கேஷுவல் போதும். செலிப்ரிட்டி கம்பெனியில் ஃபார்மல் என்ற பெயரை எடுத்துவிட்டு, 'ஈவ்னிங் சிக்' என்று கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறார்கள்.

சென்னையில் இருந்து 2022-ல் கார்டீலியா கப்பல் ஓடத் தொடங்கியது. 2023-ல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. அதில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள் என்பதால் சேலையும் குர்தாவும் கண்ணுக்குப் பழகியவை. முதல் தடவை போகிறவர்கள் உடைக்காகத் தயங்க வேண்டியதே இல்லாத பயணம் அது. (நம் கடலிலேயே ஏறிக்கொள்ள முடியாதா என்று கேட்பவர்களுக்கு: ராமர் சேது பக்கம் பல இடங்களில் சில மீட்டர் ஆழம்தான். அவ்வளவு பெரிய கப்பல் பாக் நீரிணை வழியாகக் குறுக்கே வர முடியாது, இலங்கையைச் சுற்றித்தான் போகும்.)

எத்தனை இரவுக்கு நல்ல உடை எடுத்துப் போக வேண்டும்?

மூன்று, நான்கு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் ஒரு ஃபார்மல் இரவு. ஏழு இரவு என்றால் இரண்டு. முதல் இரவும் கடைசி இரவும் அநேகமாகக் கேஷுவலாகவே இருக்கும். கப்பல் கரை தொடாமல் கடலிலேயே ஓடும் நாளில்தான் ஃபார்மல் வைப்பது வழக்கம், எல்லோருக்கும் தயாராக நேரம் கிடைக்கும் அல்லவா. எந்த நாள் என்பது கம்பெனியின் ஆப்பிலும், தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலும் இருக்கும்.

இரண்டு இரவுக்கு இரண்டு பட்டு வேண்டியதில்லை. ஒரே சேலைக்கு இரண்டு ரவிக்கை எடுத்துப் போங்கள், ஒன்று அதே நிறத்தில், ஒன்று எதிர் நிறத்தில். பார்ப்பவர்களுக்கு வேறு சேலை போலவே தெரியும், பெட்டியும் கனக்காது. மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறிப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

அப்பா வேட்டிதான் கட்டுவார். டைனிங் ஹாலில் விடுவார்களா?

விடுவார்கள், நன்றாகவே வரவேற்பார்கள். எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்மார்ட் கேஷுவல் இரவுக்கு நல்ல கரை போட்ட வெள்ளை இரட்டை வேட்டி, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை போதும். ஃபார்மல் இரவுக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை அல்லது ஜிப்பா, அங்கவஸ்திரம் வேண்டும். குனார்டு மாதிரிக் கப்பல் என்றால், வேட்டிக்கு மேலே கழுத்து மூடிய கோட்டு ஒன்று போட்டால் எந்த டக்சிடோவுக்கும் பக்கத்தில் கம்பீரமாக நிற்கும். கருநீலத்தில் தைத்துக்கொள்ளுங்கள், பேண்டுக்கும் ஆகும்.

தனி வேட்டி வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் உள்ளே தெரியும். இடுப்புக்கு வெல்க்ரோ வைத்த வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் லேசாக ஆடும்போது ஒரு கையால் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது வேட்டி நிற்குமா என்ற கவலை இருக்கக் கூடாது. கேபின் திறக்கும் அட்டையை வைக்கப் பாக்கெட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அந்த அட்டை இல்லாமல் கப்பலில் எங்கேயும் நகர முடியாது. காலுக்குப் பின்வார் உள்ள தோல் செருப்பு. ஹாலுக்குள் மடித்துக் கட்ட வேண்டாம்.

திறந்த டெக்கில் மட்டும் கவனம். கச்சான் காற்றில் பாம்பன் பாலத்தின் மேல் வேட்டியோடு நின்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 37 கிலோமீட்டர். கடலில் இலை அசையாத அமைதி இருந்தாலும் டெக்கில் அந்த வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கும். சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க மேலே போவதென்றால் பேண்டுக்கு மாறிக்கொண்டு போங்கள்.

வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே, கப்பலுக்கு அது செல்லாதா?

2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. பெரிய பிரச்சினையாகி, அதே ஆண்டு தமிழகச் சட்டமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது தமிழ்நாட்டில் உள்ள பொது இடங்களுக்கான சட்டம். சிங்கப்பூரில் ஏறி நடுக்கடலில் போகும்போது கம்பெனியின் விதிதான் பேசும்.

அதனால் சண்டைக்குத் தயாராகப் போகாமல், முன்கூட்டியே கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். 'எங்கள் மாநிலத்தின் சம்பிரதாய உடையில் ஃபார்மல் இரவுக்கு வரலாமா' என்று கேட்டு, வேட்டி சட்டையில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். வரும் பதிலைப் போனில் வைத்துக்கொண்டால், வாசலில் புதுப் பையன் யாராவது தயங்கினாலும் காட்டிவிட்டு நடக்கலாம்.

பட்டுச் சேலை சரிதான். ஆனால் கப்பலில் கட்டிச் சமாளிக்க முடியுமா?

முடியும். நான் அதிகம் நேரம் செலவழித்துச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கல்யாணக் காஞ்சிப் பட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கனம் ஒரு காரணம், உப்புக்காற்று இன்னொன்று. ராமேஸ்வரத்தில் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று நமக்குத் தெரியும். ஜரிகையில் வெள்ளியும் செம்பும் இருக்கிறது, அந்த ஈரக் காற்று பட்டால் அதுவும் கறுக்கும். நம் பக்கத்திலேயே பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் நெய்கிற பட்டுப் பருத்திச் சேலை எடுங்கள். எடை குறைவு, மடிப்பு நிற்கும், விளக்கு வெளிச்சத்தில் பட்டின் மினுமினுப்பும் இருக்கும். சின்ன ஜரிகைக் கரை போதும். கப்பலில் அந்தச் சேலையைப் பார்த்து 'எங்கே நெய்தது' என்று கேட்பார்கள். நம் தறிக்காரர்களின் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கட்டும் விதம். உள்பாவாடை பருத்தியாக இருக்கட்டும். சாட்டின் பாவாடையில் பட்டு வழுக்கி இறங்கும், கப்பல் படிகளில் அது ஆபத்து. முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் ஒரு பின், உள்பக்கமாக ரவிக்கையோடு சேர்த்து. அந்தப் பின்னுக்குக் கீழே ஒரு சின்னத் துணித் துண்டை வைத்துக் குத்தினால் பட்டு கிழியாது. கொசுவத்தைச் செருகிய இடத்தில் இன்னொரு பின். சேலையின் உயரத்தை, அன்று போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும், கீழ்க்கரை தரையைத் தொடாமல் விரல் அகலம் மேலே நிற்கட்டும். ஊசிக் குதிகால் வேண்டாம், அகலக் குதிகால் போதும்.

கட்டவே நேரமாகிறது என்றால் கொசுவத்தை முன்பே தைத்துக்கொள்ளலாம். எந்தத் தையல் கடையிலும் செய்து தருவார்கள். கேபின் அறை சின்னது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேலை கட்ட இடம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, குளிர். நம் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு டைனிங் ஹால் ஏசியும், அதைவிடத் தியேட்டர் ஏசியும் தாங்காது. முக்கால் கை ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள், சேலைக்குப் பொருந்தும் மெல்லிய சால்வை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட் அடிப்பதானால் சேலை கட்டும் முன்பே அடித்துவிடுங்கள், ஜரிகையில் படக் கூடாது.

அம்மா பட்டும் நகையும் விட்டுப் பல வருஷம் ஆகிறது. நூல் சேலைதான். அவரைக் கூட்டிப் போனால் சங்கடப்படுவாரோ?

கூட்டிப் போங்கள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெளிர் நிறக் கைத்தறிச் சேலை எந்த ஃபார்மல் இரவுக்கும் பொருந்தும். எந்தக் கப்பலிலும் நகை கட்டாயமில்லை. உடைக்குக் கூச்சப்பட்டு அம்மா கேபினிலேயே தங்கிவிட்டார், பிள்ளைகள் மட்டும் போய்ச் சாப்பிட்டார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவ்வளவு செலவு செய்து கூட்டிப் போனதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத்தானே. கிளம்பும் முன்பே அவருக்கு ஒரு சேலையை எடுத்து வைத்து, 'முதல் ஃபார்மல் இரவுக்கு இது' என்று சொல்லிவிடுங்கள். அங்கே போய் யோசிக்கும்போதுதான் தயக்கம் வரும்.

உம்மா புர்கா போடுவார், வாப்பா தொப்பி போடுவார். ஹாலில் தொப்பி கூடாது என்று போட்டிருக்கிறதே?

அது வெயிலுக்குப் போடும் கேப்பைச் சொல்கிறது. தொழுகைத் தொப்பியையும் தலைப்பாகையையும் அது குறிக்காது. புர்கா, ஹிஜாப் இரண்டும் எல்லா இரவுக்கும் சரி. கறுப்பில் கை ஓரத்தில் மட்டும் வேலைப்பாடு செய்த அபாயா ஃபார்மல் இரவில் மிக எடுப்பாக இருக்கும். துபாயில் ஏறும் கப்பல்களில் அந்த உடையில் நிறையப் பேரைப் பார்ப்பீர்கள்.

கைலி?

கேபினுக்குள் தாராளமாக. கதவுக்கு வெளியே வேண்டாம்.

அலங்காரமே வேண்டாம், நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும் என்றால்?

அதற்கும் வழி உண்டு. பெரும்பாலான கப்பல்களில் மேல் தளத்தில் பஃபே இருக்கும், ஃபார்மல் இரவிலும் அங்கே சாதாரண உடையில் போகலாம். அறைக்கே சாப்பாடு வரவழைக்கவும் முடியும், சில கப்பல்களில் அதற்குத் தனிக் காசு.

ஆனால் எல்லா இரவும் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். சைவமோ ஹலாலோ வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி வைத்தால், பெரிய டைனிங் ஹாலில் அதே மேசை, அதே பணியாள் என்று கவனித்துக்கொள்வார்கள். முதல் நாள் ராத்திரியே மறுநாள் என்ன வேண்டும் என்று கேட்டுப்போவார்கள். உடைக்குப் பயந்து அந்த ஹாலை விட்டால் நல்ல சாப்பாட்டையும் விட்டதாகிவிடும்.

பிள்ளைகளுக்கு?

பெண் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை சட்டை, ஆண் பிள்ளைக்குக் காலர் சட்டை பேண்ட். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் யாரும் கண்டிப்பு காட்டுவதில்லை. வளரும் பிள்ளைக்கு இதற்கென்று சூட் வாங்காதீர்கள்.

ஃபார்மல் இரவில் போட்டோ எடுக்கிறார்களே, காசு கேட்பார்களா?

எடுக்கும்போது கேட்க மாட்டார்கள். பிடித்திருந்தால் மட்டும் வாங்கலாம், விலை அதிகம்தான். போனில் எடுப்பதற்குத் தடையில்லை.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகலாமா?

கூடாது. தீப்பிடிக்கும் பயத்தால் கப்பல்களில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை, ஆவியால் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமருக்கும் பெரும்பாலும் இல்லை. பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவார்கள். சில கப்பல்களில் பயணிகளுக்கென்று இஸ்திரி அறை இருக்கும். இல்லாவிட்டால் கேபினைக் கவனிப்பவரிடம் கொடுத்தால் காசுக்குப் போட்டுத் தருவார்கள், ஃபார்மல் இரவுக்கு முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்.

மடிக்கும்போதே கவனித்தால் பாதிப் பிரச்சினை தீரும். சேலையைப் பழைய வெள்ளை வேட்டித் துண்டோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் சட்டையையும் சுடிதாரையும் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டு, சுடுதண்ணீர் ஷவரைச் சிறிது நேரம் திறந்துவிட்டால் ஆவியிலேயே சுருக்கம் இறங்கும். பட்டை மட்டும் இப்படிச் செய்யக் கூடாது.

முதல் நாளும் கடைசி நாளும் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம், சில சமயம் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிடும். அதனால் முதல் இரவுக்கான உடை ஒரு செட், மருந்து, நகை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

கடைசி இரவு இதே கதை திரும்பும். தூங்கப் போகும் முன் பெட்டியைப் பூட்டிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ராத்திரியே எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் காலை கரையில்தான் அதைப் பார்க்க முடியும். காலையில் போட வேண்டிய சட்டை, பேண்ட், சேலை, பாவாடை, ரவிக்கை, செருப்பு எல்லாவற்றையும் கட்டில் மேல் எடுத்து வைத்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியை வெளியே வையுங்கள்.